கரையான் தின்ன இடத்தில் நான் எழுதிய பெயர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று நம் ஆபீஸ் முதலாளி கேட்டார். ஓய்வு பெற்றவளிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. பேசச் சொன்னாலே எனக்கு நிறுத்தத் தெரியாது, எழுதச் சொன்னால் கேட்கவா வேண்டும்! எந்தப் பதிவேட்டில் என்ன இருக்கும், பழைய பத்திரத்தை எப்படித் தேடுவது என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் நீங்களே பழகிக்கொள்வீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. ஒரு கல்யாணத்தை நான் எப்படி நிறுத்தினேன், நிறுத்தியதை மறுபடி எப்படி நடக்க வைத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். இப்போது நினைத்தால் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன்.

பெண்ணின் பெயர் ரூபா. வேப்பனப்பள்ளிப் பக்கம். அப்பா கோவிந்தப்பனுக்கு மாந்தோப்பு. ரூபாவுக்கு ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பையன் மஞ்சுநாத், அதே தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ். தளிக்காரன். வீட்டில் ரோஜாத் தோட்டம், வாயில் பாதி கன்னடம் பாதி தமிழ். கம்பெனி பஸ்ஸில் பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, ஆச்சரியமாக இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டு, தட்டும் மாற்றியாயிற்று. மண்டபமும் பேசியாயிற்று. எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது, பத்திரிகை அடிக்கப் போகும் வரைக்கும்.

பத்திரிகை உச்சியில் இரண்டு வீட்டுக் குலதெய்வத்தின் பெயரையும் போட வேண்டுமல்லவா? பெண் வீட்டார் 'கெலமங்கலம் ஏரி முனேஸ்வரன் துணை' என்று எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் 'கெரே முனேஸ்வரா' என்று கொடுத்தார்கள். கெரே என்றால் கன்னடத்தில் ஏரிதான். இத்தனை நாள் இரண்டு வீட்டிலும் இரண்டு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அச்சகத்துக்காரருக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏங்க, ரெண்டு பக்கமும் ஒரே சாமியா? அப்ப நீங்க பங்காளிங்களா?" என்று கேட்டுவிட்டார்.

முடிந்தது கதை. பங்காளி என்றால் அண்ணன் தம்பி வகையறா. பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. மண்டபம் என்ன, மாலை என்ன, எதுவும் நடக்காது.

இரண்டு வீட்டிலும் விசாரித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் மோசமாகிப்போனது. எங்கள் வம்சத்துக்கு மூத்தவர் கடைத் தாத்தா என்றார் மஞ்சுநாத்தின் பெரியப்பா நாராயணப்பா. விக்டோரியா ராணி காலத்தில் கெலமங்கலம் வழியாகப் போகிற வண்டிக்காரர்களுக்குச் சாராயக் கடை வைத்திருந்தவராம். கோவிந்தப்பனும் அதையேதான் சொன்னார். எங்களுக்கும் கடைத் தாத்தாதான், அதே சாராயக் கடைதான். பெயர் என்ன என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் இரண்டு வீட்டுப் பெட்டியிலிருந்தும் ஆளுக்கொரு தாள் வந்தது. இரண்டும் சாராயம் விற்க சர்க்காரிடம் எடுத்த கடைக் குத்தகைத் தாள். இரண்டிலும் ராணியம்மா தலை போட்ட முத்திரை. இரண்டிலும் மாரப்பன் என்ற பெயர். பழைய பதிவுகளைத் தேடி வம்ச வழி எழுதிக் கொடுப்பவர்கள் நாம் என்பதால், அந்தத் தாள்களோடு ஓசூரில் நம் ஆபீஸுக்கு வந்தார்கள். வேலை என் மேஜைக்கு வந்தது.

இங்கேதான் நான் புத்தியைக் கடன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தளி வீட்டுத் தாளில் சென்னப்பன் மகன் மாரப்பன் என்று தெளிவாக இருந்தது. வேப்பனப்பள்ளி வீட்டுத் தாள் முப்பது வருஷத்துக்கு மேல் பிந்தியது. அதில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கரையான் விருந்து சாப்பிட்டிருந்தது. மாரப்பன் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? அதே ஊர், அதே கடை, அதே பெயர், அப்புறம் என்ன சந்தேகம், ஆள் நல்ல ஆயுசோடு வாழ்ந்திருக்கிறார் என்று முடிவு செய்து, அந்த ஓட்டையில் நானே சென்னப்பனை உட்கார வைத்துவிட்டேன். அங்கிருந்து கீழே கோடு போட்டால் இரண்டு வீடும் ஒரே மனிதரின் ஆண்வழிப் பிள்ளைகள். பங்காளிகள்! அறிக்கை அடித்து, முதலாளியின் சீலும் குத்திக் கொடுத்தேன். இரண்டு வீட்டாரும் தினமும் போன் பண்ணி அவசரப்படுத்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். அவசரப்பட்டது என் கைதான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் இரண்டு வீட்டிலும் கடைத் தாத்தாவைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். சாராயம் வித்தவரு எங்க ஆளா இருக்க மாட்டாருங்க என்று கோவிந்தப்பன் சொன்னார். எங்க வீட்ல டீயே ஒரு வேளைதான், அவரை நீங்களே வச்சுக்கங்க என்று நாராயணப்பா சொன்னார். மூன்றாம் நாள் மனசு மாறி, பிரிந்த ரத்தம் சேர்ந்தது என்று இரண்டு பேருக்கும் பாசம் பொங்கிவிட்டது. தம்பி, அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒரு மச்சினன் 'கடைத் தாத்தா வம்சம்' என்று வாட்ஸ்அப் குழு வேறு தொடங்கி, ரூபாவையும் மஞ்சுநாத்தையும் அதில் சேர்த்துவிட்டான். மஞ்சுநாத் வெளியேறினான். திரும்பச் சேர்த்தார்கள். மறுபடி வெளியேறினான். மறுபடி சேர்த்தார்கள். எனக்கு இதைச் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும், கடவுளே, சிரித்தேன்.

வியாழக்கிழமை காலை ரூபா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். மதிய ஷிப்டுக்குப் போகிற யூனிபார்ம், தோளில் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில பொங்கல் வைக்கிறாங்க மேடம். தட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, சாமி முன்னாடி பங்காளிங்கன்னு சத்தியம் பண்ணப்போறாங்க. அப்புறம் யாரு என்ன சொன்னாலும் மாத்த மாட்டாங்க."

"நான் என்னம்மா பண்ணட்டும்? தாள்ல இருக்கறதைத்தானே சொன்னேன்" என்றேன். பொய் சொல்கிறோம் என்பதே தெரியாமல் சொன்ன பொய் அது.

"எங்க அத்தை அவரை இனிமே அண்ணான்னு கூப்பிடுங்கறாங்க. ரெண்டு வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்துட்டு வந்தவரை! செத்தாலும் வராது மேடம் எனக்கு அந்த வார்த்தை." அழுதாள். அழுகையிலும் கோபம்தான் அதிகம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு தாளையும் குடுங்க, நான் ஒருக்கா பாக்கறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நீ என்னம்மா பார்க்கப்போகிறாய், இத்தனை வருஷமாக இதில் ஊறியவள் நான் என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, முழுங்கிவிட்டேன். நகல்களை எடுத்து நீட்டினேன். அவள் எழுத்தைப் படிக்கவே இல்லை. தரம் பார்க்கிற பெண் அல்லவா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள். தாளின் அடிக்கு வந்ததும் கண் நின்றது.

"மேடம், அவங்க வீட்டுத் தாள்ல கன்னடத்துல கையெழுத்து போட்டிருக்காரு. எங்க வீட்டுத் தாள்ல கைநாட்டு வச்சிருக்காரு. கையெழுத்து போடத் தெரிஞ்ச ஆளு, வயசானா மறந்துடுவாரா?"

நான் இரண்டு நகலையும் என் பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தேன்.

"எங்க லைன்ல ஒரே பார்ட் நம்பர்ல ரெண்டு பேட்ச் வரும். பேரைப் பாத்து ஒண்ணுன்னு விட்டா அன்னைக்கே வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

பிள்ளைகளா, நான் என் மண்டையில் நானே நங்கென்று ஒன்று வைத்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? என் மகனுக்கு என் மாமனார் பெயர்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவைத்ததால், பெற்ற பிள்ளையை நான் ஒரு நாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னு என்றுதான் கூப்பிடுவேன். தேர்தல் சீட்டு வந்தால் ஒரே பெயரில் இரண்டு வரும், தாத்தாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று. இத்தனையும் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் இருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை! அந்த இரண்டு வீட்டிலும் கடைத் தாத்தாவின் பெயர் ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வாழவந்த மருமகள்கள் அந்தப் பெயரை வாயில் எடுக்கவே இல்லை. கடைத் தாத்தா, கடைத் தாத்தா என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். ஆக, இரண்டு மாரப்பன்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் பேரன் மாரப்பன் மகன் வயிற்றுப் பேரன் என்றால் பங்காளி பங்காளிதான். மகள் வயிற்றுப் பேரன் என்றால் மாமன் அத்தை உறவு. கல்யாண முறை! ரூபாவின் தலையெழுத்து அந்த ஒரு கேள்வியில் நின்றது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, சீல் போட்டுக் குடுத்துட்டோம். இப்ப மாத்திச் சொன்னா நாளைக்கு யாரு நம்மகிட்ட வருவாங்க?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த ஆபீஸின் வாடகை அவர் தலையில். நான் வெள்ளிக்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

பத்திரப் பதிவின் பழைய இன்டெக்ஸ் புத்தகங்களில் மாரப்பன் என்ற பெயரில் வாங்கிய பத்திரங்களை மட்டும் முதல் தடவை பார்த்திருந்தேன். இந்தத் தடவை நான் தேடியது பெண் பெயர்களை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் ஒரு பெண்பிள்ளை, இருந்தும் வம்சம் என்றால் அப்பன் பெயர், அப்பனுக்கு அப்பன் பெயர் என்று ஆண்கள் பெயரையே துரத்திக்கொண்டு போயிருந்தேன். மகள்களின் பக்கத்தைப் புரட்டவே இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்தாள் நஞ்சம்மாள். கெலமங்கலம், தகப்பனார் மாரப்பன், தானப் பத்திரம்.

பதிவுப் புத்தகத்தில் இருந்த நகலைப் படிக்கப் படிக்க என்னால் உட்கார முடியவில்லை. அந்தக் கடைக்காரர் என்ன மனிதர் ஐயா! மகள் நஞ்சம்மாளும் அவள் புருஷன் திம்மப்பனும் என் வீட்டிலேயே இருந்து என்னைப் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் கடை இருக்கும் மனையை மகளுக்குக் கொடுக்கிறேன், அவள் மகன், என் பெயர் வைத்த மாரப்பன், பெரியவனாகி அதில் கடை நடத்தட்டும் என்று எழுதி வைத்திருந்தார். அடியில், எழுதிக் கொடுத்தவர் கன்னடத்தில் கையொப்பமிட்டார் என்று நகல் எழுதிய குமாஸ்தா குறித்திருந்தார். வீட்டோடு மாப்பிள்ளையின் மகன், தாத்தா வீட்டிலேயே வளர்ந்தவன், தாத்தா வீட்டுச் சாமியையே கும்பிட்டிருக்கிறான். ஒரே குலதெய்வம் வந்த வழி இதுதான். நான் அந்த அறையில் 'ஐயோ சாமி' என்று கத்திவிட்டேன். அங்கிருந்த அலுவலர் எலியா என்று காலைத் தூக்கிக்கொண்டார்.

சான்றிட்ட நகல் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சத்தியம். கெஞ்சிக் கூத்தாடி போனில் படம் எடுக்க அனுமதி வாங்கினேன்.

திரும்பி வரும்போது சூளகிரியில் லாரிகள் நகராமல் நின்றுவிட்டன. பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆபீஸ் பெயரும் கெடாது, என் பெயரும் கெடாது. ரொம்ப அழகான வாக்கியம் அது, ஓசூர் வரும்வரை ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன். நீங்களும் ஒரு நாள் இந்த வாக்கியத்தைக் கண்டுபிடிப்பீர்கள். உங்களை எச்சரித்து வைக்கிறேன்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பமும் கூடியிருந்தது. நடுவில் திருப்பிக் கொடுக்கிற தட்டு. மஞ்சுநாத் ஒரு மரத்தடியில் காய்ச்சல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் நாராயணப்பா, "வாம்மா, நீயும் சாட்சிக்கு நில்லு" என்றார்.

அழகான வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. ரூபாவைப் பார்த்தேன். அது வரவில்லை.

"நான் தப்பு பண்ணிட்டேங்க" என்றேன் நாராயணப்பாவிடம். "கரையான் தின்ன இடத்துல என்ன பேரு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நானே எழுதிக் குடுத்துட்டேன். உங்க தாத்தா வேற, அவங்க தாத்தா வேற. கோவிந்தப்பன் வீட்டு மாரப்பன், உங்க தாத்தா மாரப்பனோட மகள் வயித்துப் பேரன்."

நான் இரண்டு தாளையும் காட்டினேன், கையெழுத்தையும் கைநாட்டையும் காட்டினேன், போனில் இருந்த பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நாராயணப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு சீல் போட்டு ஒண்ணு சொன்னே. இன்னைக்கு சீல் இல்லாம ஒண்ணு சொல்றே. எதை நம்பறது நாங்க?"

"என்னை நம்ப வேணாங்க. தாளை நம்புங்க. நாளைக்கு கிருஷ்ணகிரி பதிவு ஆபீஸ்ல போய் நீங்களே கேளுங்க. அதுவரைக்கும் சத்தியத்தை மட்டும் தள்ளி வைங்க."

அவர் விடுகிற ஆள் இல்லை. "சரி, அந்த வீட்டோட மாப்பிள்ளை, திம்மப்பன். அவன் எந்த ஊரு? அவனுக்கு எந்தச் சாமி? அவனும் எங்க பங்காளியா இருந்துட்டா?"

நியாயமான கேள்வி. அவன் பக்கத்து ஊர்க்காரன், வேறு சாமி கும்பிட்டவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் அதைக் கேட்கத்தான் காத்திருந்தது. கோவிந்தப்பன் என்னைப் பார்த்த பார்வை, சொல்லிவிடும்மா என்று கும்பிடுகிற பார்வை. வாய்வரைக்கும் வந்துவிட்டது பிள்ளைகளா.

"எந்த ஊருன்னு தாள்ல இல்லைங்க. எந்தச் சாமின்னும் எனக்குத் தெரியாது" என்றேன். "மகளைக் கட்டிக் குடுத்தவரு, பங்காளிக்குக் குடுத்திருக்க மாட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தெரியாததை இன்னொரு தடவை நான் எழுத மாட்டேன்."

சொல்லி முடித்ததும், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ரூபா முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

நாராயணப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஹௌது, ஆமா. அன்னைக்கு எல்லாம் தெரியும்னு சொன்னியே, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ மாதிரி இருந்துச்சு. இப்பத் தெரியலைங்கறே பாரு, இதை நம்பறேன். யாரு மகளைக் கொண்டுபோய் அண்ணன் தம்பிக்குக் கட்டுவாங்க?"

அவர் திரும்பி கோவிந்தப்பனைப் பார்த்தார். பத்து நாளாகத் தம்பி தம்பி என்று தோளில் கை போட்டுக்கொண்டிருந்தவர், இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றார். முகத்தில் ஒரு குறும்பு மெல்ல வந்தது.

"ஏன் மச்சான்," என்றார், ஊருக்கே கேட்கிற குரலில், "மாப்பிள்ளை வீட்டுக்காரன் இவ்வளவு நேரமா நிக்கறேன், உக்காருன்னு சொல்ல உங்க வீட்டுல யாருக்கும் வாய் வராதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மரத்தடியில் இருந்த மஞ்சுநாத் எழுந்து நின்றான். ரூபாவின் அம்மா யாரிடமும் கேட்காமல் நடுவில் இருந்த தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோவிந்தப்பன் பதில் கிண்டல் சொல்ல வாயைத் திறந்தார். மச்சான் என்ற வார்த்தை பாதிதான் வந்தது. மீதியை அழுதே சொன்னார்.